ரேஷன் கடையில் கைரேகை பொருந்தாவிட்டால் அரிசி மறுக்கப்படலாமா? அடையாளச் சரிபார்ப்பு குறித்து சட்டம் கூறுவது என்ன?

புதுடெல்லி: அரசு வழங்கும் உணவு தானியத்தைப் பெற வருபவர் தாம் யார் என்பதை நிரூபித்தாக வேண்டும் என்ற நடைமுறை இன்று நாடு முழுவதும் நிலைபெற்றுவிட்டது. முன்பு குடும்ப அட்டையைக் காட்டினால் போதுமானதாக இருந்த நியாய விலைக் கடைகளில் இப்போது கைரேகையோ கருவிழியோ முகமோ பதிவாகிறது. போலிப் பயனாளிகளை நீக்கவும், ஏழைகளுக்கான தானியம் வெளிச்சந்தைக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவும் இது அவசியம் என்று மத்திய அரசு கூறி வருகிறது. அதே நேரத்தில், விரல் தேய்ந்துபோன முதியவர்களும் இணைய வசதி எட்டாத மலைக்கிராமத்தினரும் இந்தச் சரிபார்ப்பில் தோற்று வெறும் பையுடன் திரும்ப நேரிடுகிறது என்ற புகாரும் தொடர்கிறது.

அடையாளத்தைக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. அடையாளச் சரிபார்ப்பு தோல்வியடைந்தது என்பதற்காக உணவை மறுக்க எந்த விதியும் அனுமதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடை வாசலில் பல நேரங்களில் மறைந்துவிடுகிறது. இந்த நடைமுறை எப்போது வந்தது, எவ்வாறு செயல்படுகிறது, சரிபார்ப்பு தோல்வியடைந்தால் பயனாளிக்கு உள்ள வழிகள் எவை என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

யாருக்கு, எவ்வளவு தானியம்?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கிராமப்புற மக்கள்தொகையில் 75 சதவீதம் வரையிலும், நகர்ப்புற மக்கள்தொகையில் 50 சதவீதம் வரையிலும் இச்சட்டத்தின் கீழ் மானிய விலையில் தானியம் பெறலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இது 81.35 கோடி பேர்.

பயனாளிகள் இரு பிரிவினர். முன்னுரிமைக் குடும்பங்களில் ஒரு நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் வழங்கப்படுகிறது. மிகவும் வறிய நிலையில் உள்ள அந்தியோதயா அன்ன யோஜனா குடும்பங்களுக்கு, உறுப்பினர் எண்ணிக்கை எதுவாயினும், மாதம் 35 கிலோ வழங்கப்படுகிறது. சட்டத்தில் அரிசிக்கு கிலோ 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், சிறுதானியங்களுக்கு 1 ரூபாய் என விலை நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 2023 ஜனவரி முதல் தானியம் இலவசமாகவே வழங்கப்படுகிறது. பிரதமரின் கரீப் கல்யாண் அன்ன யோஜனா என்ற பெயரில் இந்தச் சலுகை 2024 ஜனவரி 1 முதல் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது.

இத்தனை கோடிப் பேருக்குச் சுமார் 5.4 லட்சம் நியாய விலைக் கடைகள் வழியாக மாதந்தோறும் தானியம் சென்று சேர்கிறது. உலகின் மிகப் பெரிய உணவு வழங்கல் அமைப்புகளில் ஒன்றான இதில், வாங்குபவர் உண்மையான பயனாளிதானா என்ற கேள்வி தொடக்கம் முதலே இருந்து வந்துள்ளது.

அடையாளம் கட்டாயமானது எப்போது?

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பொது விநியோகத் திட்டத்தில் செய்ய வேண்டிய சீர்திருத்தங்களைப் பட்டியலிடுகிறது. பயனாளிகளை அடையாளம் காண ஆதாரைப் பயன்படுத்துவதும் அவற்றுள் ஒன்று. ஆயினும், அச்சட்டம் வந்த அதே 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று, ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக எவரும் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 2015 ஆகஸ்டில், பொது விநியோகத் திட்டத்துக்கும் சமையல் எரிவாயு மானியத்துக்கும் மட்டும் ஆதாரைப் பயன்படுத்திக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது.

2016-இல் ஆதார் சட்டம் நிறைவேற்றப்பட்டதும் நிலைமை மாறியது. மத்திய அரசின் தொகுநிதியிலிருந்து செலவிடப்படும் மானியம் எதற்கும் ஆதார் மூலம் அடையாளச் சரிபார்ப்பைக் கோரலாம் என்று அச்சட்டத்தின் 7-ஆவது பிரிவு கூறுகிறது. ஆதார் எண் ஒதுக்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி அளிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உள்ளது.

இப்பிரிவின் கீழ் 2017 பிப்ரவரி 8 அன்று மத்திய உணவு மற்றும் பொது விநியோகத் துறை அறிவிக்கை வெளியிட்டது. மானிய தானியம் பெறுவோர் ஆதார் வைத்திருக்க வேண்டும், அல்லது ஆதார் வழியே சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும் என்றது அந்த அறிவிக்கை. இல்லாதவர்கள் பதிவு செய்துகொள்ள முதலில் 2017 ஜூன் 30 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. பின்னர் அது பலமுறை நீட்டிக்கப்பட்டது.

எந்தெந்தப் புகைப்பட ஆவணங்கள் ஏற்கப்படும்?

ஆதார் கிடைக்கும் வரை எவற்றைக் காட்டலாம் என்பதை அந்த அறிவிக்கையே வரிசைப்படுத்தியிருந்தது. குடும்ப அட்டையுடன் ஆதார் பதிவுச் சீட்டு அல்லது ஆதாருக்கு விண்ணப்பித்ததற்கான சான்று ஒன்றும், கீழ்க்காணும் ஆவணங்களில் ஒன்றும் போதுமானது:

- வாக்காளர் அடையாள அட்டை
- வருமான வரித் துறையின் பான் அட்டை
- கடவுச்சீட்டு
- ஓட்டுநர் உரிமம்
- அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது வட்டாட்சியர் அலுவலகத் தாளில் வழங்கும், புகைப்படத்துடன் கூடிய சான்று
- அஞ்சல் துறை வழங்கும், பெயரும் புகைப்படமும் கொண்ட முகவரி அட்டை
- புகைப்படத்துடன் கூடிய விவசாயி கணக்குப் புத்தகம்
- மாநில அரசு குறிப்பிடும் வேறு ஆவணம்

மேலும் ஒரு முக்கியமான ஏற்பாடும் அதில் இருந்தது. குடும்பத்தில் யாரேனும் ஓர் உறுப்பினர் அடையாள நிபந்தனையை நிறைவு செய்தாலும், அந்தக் குடும்பத்துக்குரிய முழு அளவு தானியமும் வழங்கப்பட வேண்டும். ஒருவரது ஆதார் இணைக்கப்படவில்லை என்று கூறி அவரது 5 கிலோவைக் கழித்துக்கொள்ள இந்த அறிவிக்கை இடமளிக்கவில்லை.

குடும்ப அட்டையைப் பொறுத்தவரை ஒரு முரண்பாடு உண்டு. நீண்ட காலம் அதுவே ஏழைக் குடும்பத்தின் முதன்மையான அடையாள ஆவணமாக இருந்தது. ஆனால், குடும்ப அட்டையை அடையாளச் சான்றாகவோ முகவரிச் சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் பொது விநியோகத் திட்டக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. தானியம் வாங்க மட்டுமே உரிய ஆவணமாகிவிட்ட அந்த அட்டை, இன்று தானியம் வாங்கவும் தனியே போதுமானதாக இல்லை.

கடையில் நடப்பது என்ன?

நியாய விலைக் கடைகளில் ஏறத்தாழ அனைத்திலும் இப்போது மின்னணு விற்பனை முனையக் கருவி உள்ளது. விற்பனையாளர் குடும்ப அட்டை எண்ணைப் பதிவிட்டதும் உறுப்பினர்களின் பெயர்கள் திரையில் தோன்றும். வந்திருப்பவரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அவரது விரலைக் கருவியில் வைக்கச் செய்வார். கைரேகை இணையம் வழியே ஆதார் ஆணையத்தின் தரவுத்தளத்துக்குச் சென்று ஒப்பிடப்படும். பொருந்தினால் மட்டுமே ரசீது வரும்.

இதில் பல கண்ணிகள் உள்ளன. மின்சாரம், சிம் அட்டையின் சமிக்ஞை, மாநில அரசின் சர்வர், ஆதார் ஆணையத்தின் சர்வர், கருவியின் தரம், அட்டையுடன் சரியான ஆதார் எண் இணைக்கப்பட்டிருத்தல், விரல்ரேகையின் தெளிவு ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் சரிபார்ப்பு நிறைவேறாது. கல் உடைப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர், வயல் வேலை செய்பவர் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. தள்ளாத வயதினரின் நிலையும் அதுவே. இத்திட்டம் யாருக்காக உருவாக்கப்பட்டதோ, அவர்களிடையேதான் கைரேகைத் தோல்வி அதிகம் நிகழக்கூடும்.

கைரேகை பொருந்தாவிட்டால் என்ன விதி?

மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றும், 2018 நவம்பர் 8 அன்றும் மாநிலங்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல்களை அனுப்பியுள்ளது. ஆதார் இல்லை என்பதற்காக உண்மையான பயனாளி எவரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ஆதார் இல்லாமை, இணைய இணைப்புக் கோளாறு, ஆதார் இணைப்பில் சிக்கல், மங்கிய கைரேகை அல்லது வேறு தொழில்நுட்பக் காரணங்களால் சரிபார்ப்பு தோல்வியடைந்தால் தானியத்தை மறுக்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம். இந்த அறிவுறுத்தல்களை நாடாளுமன்றத்திலும் அரசு மீண்டும் மீண்டும் எடுத்துரைத்துள்ளது.

சரிபார்ப்பு தோல்வியடைந்தவருக்கு வேறு விரல், கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகிய வழிகள் உள்ளன. எதுவும் கைகொடுக்காதபோது, குடும்ப அட்டையைப் பார்த்துத் தானியத்தை வழங்கிவிட்டு, விதிவிலக்குப் பதிவேட்டில் விவரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனினும் நடைமுறையில் சிக்கல் நீடிக்கிறது. விதிவிலக்குப் பதிவேட்டின் மூலம் அதிகம் விநியோகிக்கும் கடைக்காரர் மீது முறைகேட்டுச் சந்தேகம் எழக்கூடும். எனவே அவர் 'நாளை வாருங்கள்' என்று கூறித் திருப்பி அனுப்புவதையே பாதுகாப்பாகக் கருதலாம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த 'நாளை' என்பது ஒரு நாள் வருமான இழப்பு.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

ஆதார் வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி ஏ.கே.சிக்ரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கோரும் 7-ஆவது பிரிவு செல்லும் என்றது. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் மாறுபட்ட தீர்ப்பில், ஆதார் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றார்.

சரிபார்ப்பின் துல்லியம் 99.76 சதவீதம் என்று அரசுத் தரப்பில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தோல்வி கால் சதவீதத்துக்கும் குறைவு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் 81 கோடிப் பேருக்கு அதே விகிதத்தைப் பொருத்திக் கணக்கிட்டால், அது 19 லட்சம் பேரைத் தொடுகிறது. சரிபார்ப்புத் தோல்வியால் எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியையும் நீதிமன்றம் பதிவு செய்தது. ஆதார் இல்லாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

ஜார்க்கண்ட் எழுப்பிய கேள்வி

2017 செப்டம்பர் இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். குடும்ப அட்டை ஆதாருடன் இணைக்கப்படாததால் ரத்து செய்யப்பட்டு, பல மாதங்களாக ரேஷன் கிடைக்கவில்லை என்றும், சிறுமி பட்டினியால் இறந்தார் என்றும் குடும்பத்தினர் கூறினர். மலேரியா காய்ச்சலே காரணம் என்று மாநில அரசு மறுத்தது. மரணத்தின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு நீடித்தாலும், ஆதார் இணைப்புக்கும் அட்டை ரத்துக்கும் இடையிலான தொடர்பு அதன் பிறகே நாடு தழுவிய விவாதமானது. மத்திய அரசின் அக்டோபர் 24 அறிவுறுத்தல் வெளியானதும் இதன் பின்னரே.

சிறுமியின் தாயார் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2021 மார்ச்சில் விசாரணைக்கு வந்தது. ஆதாருடன் இணைக்கப்படாததால் நாடு முழுவதும் சுமார் 3 கோடி குடும்ப அட்டைகள் ரத்து செய்யப்பட்டதாக மனுதாரர் தரப்பில் வாதிடப்பட்டது. மத்திய அரசு அதை மறுத்தது. விவகாரம் மிகவும் தீவிரமானது என்று குறிப்பிட்ட அமர்வு, மத்திய அரசும் மாநிலங்களும் பதிலளிக்க உத்தரவிட்டது.

முறைகேட்டைத் தடுக்கிறதா?

பொது விநியோகத் திட்டத்தில் கசிவு இருந்தது என்பதில் ஐயமில்லை. தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் செய்த மதிப்பீட்டின்படி, 2004-05-இல் தானியத்தில் 54 சதவீதம் மக்களைச் சென்றடையவில்லை. 2011-12-இல் அது 41.7 சதவீதமாகக் குறைந்தது. சத்தீஸ்கர், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் கசிவு வெகுவாகக் குறைந்தது அக்காலகட்டத்தில்தான். ஆதார் கட்டாயமாவதற்கு முன்பே, கணினிமயம், கடைகளைத் தனியாரிடமிருந்து பொது அமைப்புகளுக்கு மாற்றுதல், பயனாளிகள் எண்ணிக்கையை விரிவாக்குதல் போன்ற நடவடிக்கைகளால் அம்மாற்றம் நிகழ்ந்தது.

முறைகேடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தகுதியற்றவர் வறியவர் என்று பொய் கூறி அட்டை பெறுவது முதல் வகை. ஒருவர் பெயரில் மற்றொருவர் வாங்குவது, இல்லாத நபரின் பெயரில் அட்டை வைத்திருப்பது இரண்டாம் வகை. உரியவருக்கே அளவைக் குறைத்து வழங்கி மீதியை வெளியில் விற்பது மூன்றாம் வகை. புகைப்பட அட்டையோ கைரேகையோ இரண்டாம் வகையை மட்டுமே தடுக்கும். விரல் வைத்த பின் 20 கிலோவுக்குப் பதில் 18 கிலோ எடை போடப்படுவதைக் கைரேகைக் கருவியால் அறிய இயலாது. இக்குறையைப் போக்க, மின்னணு எடைத் தராசை விற்பனை முனையக் கருவியுடன் இணைக்கும் பணி பல மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

ஆய்வு முடிவுகள் கூறுவது

இந்நடைமுறையின் விளைவை ஜார்க்கண்டில் விரிவாக அளந்தவர்கள் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர். 10 மாவட்டங்களின் 132 வட்டாரங்களில் கருவி எங்கு முதலில் அறிமுகமாகும் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டு, விளைவுகள் ஒப்பிடப்பட்டன. கைரேகைச் சரிபார்ப்பு மட்டும் கசிவைக் குறைக்கவில்லை என்றும், தானியம் பெறப் பயனாளிக்கு ஆகும் செலவு சராசரியாக 17 சதவீதம் உயர்ந்தது என்றும் 2020-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. ஆதார் இணைக்காதிருந்த 23 சதவீதப் பயனாளிகள் பெற்ற பயனின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தது.

அடுத்த கட்டமாக, கருவியில் பதிவான விற்பனையின் அடிப்படையில் கடைக்கு அனுப்பும் தானியத்தை அரசு குறைத்தபோது கசிவு குறைந்தது. ஆனால் அப்போதும் பயனாளிகளுக்குக் கிடைத்த அளவும் ஓரளவு சேர்ந்தே குறைந்தது. அதே மாநிலத்தில் ஜான் டிரேஸ் உள்ளிட்டோர் 32 கிராமங்களில் 900 குடும்பங்களிடம் 2017-இல் நடத்திய ஆய்வும் ஆதார் சரிபார்ப்பால் ஏற்பட்ட இடர்ப்பாடுகளைப் பதிவு செய்தது.

மறுபுறம், அரசு முன்வைக்கும் கணக்கு வேறு. 5.8 கோடி போலி அட்டைகள் நீக்கப்பட்டதாக 2024 நவம்பரில் மத்திய அரசு தெரிவித்தது. 20.4 கோடி அட்டைகளும் கணினிமயமாக்கப்பட்டு, 99.8 சதவீதம் ஆதாருடன் இணைக்கப்பட்டதாகவும் கூறியது. போலி, இரட்டைப் பதிவு, இறந்தோர் பெயர் ஆகியவற்றை நீக்கியதால் உண்மையான புதிய பயனாளிகளுக்கு இடம் கிடைக்கிறது என்பது அரசின் வாதம்.

இவ்விரு கணக்குகளையும் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவியின் பதிவேடு நிறைவேறிய விற்பனையைக் காட்டுகிறது. வரிசையில் நின்று திரும்பியவரும், மூன்று முறை தோற்ற பின் வருவதையே நிறுத்திவிட்டவரும் அந்தப் பதிவேட்டில் 'பொருள் வாங்காதவர்' என்ற அளவில் மட்டுமே இருப்பார்கள். தேவை இல்லாததால் வாங்காதவரையும் வாங்க முடியாமல் போனவரையும் அதைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

இ-கேஒய்சி: புதிதாகச் சேர்ந்த நிபந்தனை

மாதாந்திரச் சரிபார்ப்புக்கும் இ-கேஒய்சி எனப்படும் மின்னணு வழி விவரச் சரிபார்ப்புக்கும் வேறுபாடு உண்டு. மாதந்தோறும் தானியம் பெறக் குடும்பத்தில் ஒருவர் விரல் வைத்தால் போதும். இ-கேஒய்சிக்கோ அட்டையில் பெயருள்ள ஒவ்வோர் உறுப்பினரும் நேரில் தம்மை உறுதி செய்தாக வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் மகன், விடுதியில் படிக்கும் மகள், படுக்கையில் இருக்கும் பாட்டி என அனைவருக்கும் இது பொருந்தும். இதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

2025 ஜூலையில் வெளியான பொது விநியோகத் திட்டக் கட்டுப்பாட்டுத் திருத்த ஆணை இதை நிரந்தர நடைமுறையாக்கியது. அதன்படி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இ-கேஒய்சி செய்தாக வேண்டும். தொடர்ந்து 6 மாதங்கள் பொருள் வாங்காத குடும்பங்களின் அட்டை தற்காலிகமாக முடக்கப்படும். அடுத்த 3 மாதங்களுக்குள் களஆய்வும் இ-கேஒய்சியும் செய்து, அக்குடும்பத்தின் தகுதியை மாநில அரசு முடிவு செய்ய வேண்டும்.

பயன்படுத்தப்படாத அட்டைகளைக் களைய இந்த ஏற்பாடு உதவும். ஆனால் சரிபார்ப்பில் தோற்றதால் வாங்காமல் இருந்தவரும் இதே பட்டியலில் வந்து சேர்வார். அவரை மீட்க எஞ்சியிருப்பது அந்தக் களஆய்வு ஒன்றே. அது வீட்டுக்கு நேரில் சென்று செய்யப்படுகிறதா, அலுவலகத்திலேயே முடிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அக்குடும்பத்தின் உணவு அமையும்.

புலம்பெயர்ந்தோர் தாம் இருக்கும் ஊரிலுள்ள எந்த நியாய விலைக் கடையிலும் இ-கேஒய்சி செய்துகொள்ளலாம். 'மேரா இ-கேஒய்சி' என்ற கைப்பேசிச் செயலி மூலம் முகத்தைப் பதிவு செய்யும் வசதியும் பல மாநிலங்களில் உள்ளது. ரேகை தேய்ந்தோருக்கு இது நல்ல மாற்று. எனினும் இதற்குத் திறன்பேசியும் இணைய வசதியும் தேவை.

அங்கன்வாடியில் முகப் பதிவு

நியாய விலைக் கடையைத் தாண்டியும் இந்நடைமுறை விரிந்துள்ளது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகள் ஆகியோருக்கு அங்கன்வாடி மூலம் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவு வழங்கப்படுகிறது. இதுவும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் உரிமையே. இந்த உணவை வழங்க, 'போஷன் டிராக்கர்' செயலியில் முகத்தைப் பதிவு செய்து அடையாளம் காணும் முறையை மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது.

பெயரளவில் பயனாளிகளைக் காட்டி உணவுப் பொட்டலங்கள் வெளியே விற்கப்படுவதைத் தடுப்பது இதன் நோக்கம். பழைய கைப்பேசி, பலவீனமான இணையம், பயனாளியிடம் இல்லாத கைப்பேசிக்குச் செல்லும் கடவுச்சொல் ஆகியவற்றால் வேலை தடைபடுவதாக அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் பல மாநிலங்களில் எதிர்ப்புத் தெரிவித்தன.

மாற்று வழிகள் உண்டா?

சில மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை முயன்றுள்ளன. சத்தீஸ்கரில் கையடக்கக் கணினியில் பயனாளியைப் படமெடுத்துப் பதிவு செய்துவிட்டுத் தானியம் வழங்கும் முறை சில காலம் இருந்தது. படம் சான்றாக நிற்கும்; பொருந்தவில்லை என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் கைரேகை பொருந்தாதவருக்காகக் கிராம வருவாய் அலுவலர் உறுதி செய்யும் ஏற்பாடு செய்யப்பட்டது.

அனைத்துக் குடும்பங்களுக்குமான பொது விநியோகத் திட்டத்தைக் கடைப்பிடிக்கும் தமிழ்நாட்டில், 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. கடைக்கு வர இயலாத முதியோர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் பொருள் பெறலாம். 70 வயதைக் கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று பொருள் வழங்கும் முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது.

வெளிநாட்டிலும் இந்த விவாதம் உண்டு. அமெரிக்காவில் 'ஸ்னாப்' எனப்படும் உணவு உதவித் திட்டத்தின் மின்னணு அட்டையில் பயனாளியின் புகைப்படத்தை அச்சிட மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. மாசசூசெட்ஸ், மெயின் ஆகிய மாநிலங்கள் அவ்வாறு செய்தன. ஆனால் உதவி ஒரு குடும்பத்துக்கு உரியது என்பதால், படத்தில் இருப்பவர் மட்டுமன்றிக் குடும்பத்தின் எந்த உறுப்பினரும் அட்டையைப் பயன்படுத்தலாம் என்பது அங்குள்ள கூட்டாட்சி விதி. கடைக்காரர் படத்தைப் பார்த்து மறுத்துவிட இயலாது.

ஆதார் இணைப்பால் கிடைத்த நன்மை

அடையாளம் ஒரு தரவுத்தளத்தில் இணைந்ததால் கிடைத்த முக்கியப் பயன், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம். 2019 ஆகஸ்டில் தெலங்கானா - ஆந்திரப் பிரதேசம், மகாராஷ்டிரா - குஜராத் இடையே சோதனை முறையில் தொடங்கிய இத்திட்டம், 2022 ஜூனில் அசாம் இணைந்ததுடன் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கொரோனா பொதுமுடக்கத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் சொந்த ஊர் அட்டையால் வேலை செய்யும் ஊரில் பயன்பெற முடியாமல் தவித்ததைத் தொடர்ந்து, 2021 ஜூலை 31-க்குள் இத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பீகாரில் அட்டை பெற்றவர் மும்பையில் தமது பங்கு தானியத்தையும், அவரது குடும்பம் ஊரில் எஞ்சியதையும் பெறலாம். உள்ளூர்க் கடைக்காரர் சரியாக வழங்காவிட்டால், வேறு கடைக்குச் செல்லும் வாய்ப்பும் பயனாளிக்குக் கிடைத்துள்ளது.

மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

1. கைரேகை பொருந்தவில்லை எனில் வேறு விரல், கருவிழி, கைப்பேசிக் கடவுச்சொல் ஆகியவற்றால் முயன்று பார்க்குமாறு கேட்கலாம். குடும்பத்தின் வேறோர் உறுப்பினரும் முயலலாம்.

2. எதுவும் பலனளிக்காவிட்டால், விதிவிலக்குப் பதிவேட்டில் பதிந்து தானியம் வழங்குமாறு கோரலாம். மத்திய அரசின் 2017, 2018-ஆம் ஆண்டு அறிவுறுத்தல்கள் இதற்கு ஆதரவாக உள்ளன.

3. கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் 1967, 14445 ஆகியவற்றில் புகார் அளிக்கலாம்.

4. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர் அலுவலர் உண்டு. அவரது முடிவு திருப்தியளிக்காவிட்டால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

5. உரிய தானியம் வழங்கப்படாவிட்டால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி பெறச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு வழி செய்கிறது. அதற்கான விதிகள் 2015 ஜனவரியில் வெளியிடப்பட்டன.

6. தேய்ந்த ரேகை கொண்டோர் ஆதார் சேவை மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்வது அடுத்த மாதச் சிரமத்தைக் குறைக்கும். கைப்பேசி எண் மாறியிருந்தால் அதையும் ஆதாரில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

7. 6 மாதங்கள் தொடர்ந்து பொருள் வாங்காமல் இருப்பதைத் தவிர்க்க வேண்டும். அட்டை முடக்கப்பட்டதாகத் தெரிந்தால், 3 மாதக் களஆய்வுக் காலத்துக்குள் வட்ட வழங்கல் அலுவலகத்தை எழுத்துபூர்வமாக அணுகுவது நல்லது.